குடிக்காதவங்க பட்டியல்

"எட்டு மாசம் குடிக்காம இருந்துட்டா பெரிய சாமியாரா? எம் பாதி ஆயுசைக் குடிச்சவருதானே இவரு."

ஆரணியில் நடந்த ரத்த ஆராய்ச்சி முகாமில், அத்தனை பேர் முன்னாலும் கமலம் புருஷனைக் கிழிகிழியென்று கிழித்தாள். புருஷன், சேவூர் நெசவாளி வீரபாகு, ரத்தம் கொடுத்த கையை மடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

'பாவம் அந்தப் பொம்பளை' என்று பக்கத்து பெஞ்சில் உச்சுக்கொட்டினார்கள்.

டாக்டர் மஹிமா சிரித்தாள். "அவரை விடுங்கம்மா. நம்ம ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. கிருமி நுழைஞ்சா ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேதி சொல்லும். குடி அந்தச் சேதியையே குழப்பிடுது. சிலது சும்மாவே கத்திகினு இருக்கும், சிலது கூப்பிட்டாலும் எழுந்துக்காது. குடியை விட்டா அது சரியாவுதான்னுதான் பாக்குறோம்."

கமலத்துக்குக் கண் சொக்கியது. தனக்குள்ளேயே ஒரு ஊர் இருப்பதுபோல, யாரோ வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவதுபோல, ஒரு வீட்டிலும் விளக்கு எரியாததுபோல இருந்தது. அந்தத் தெருவில் அவளும் கூடவே நடந்தாள். எவ்வளவு நேரம் நடந்தாளோ, அவளுக்கே தெரியாது.

"ஒத்துப் பாக்கறதுக்கு, குடியே தொடாதவங்க ரத்தமும் வேணும். குடிக்காதவங்க பட்டியல்ல உங்க பேரை எழுதிக்கட்டுமாம்மா?"

கமலம் திடுக்கிட்டு விழித்தாள். ரத்தம் கொடுக்க நீட்டியிருந்த கை தானாகப் பின்னால் போனது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பொய் ரத்தத்தோடுதானே அவள் புருஷன் ரத்தத்தை ஒத்துப் பார்ப்பார்கள்? அவன் உடம்பு தேறிய கணக்கே தப்பாகிப் போகுமே.

"அதுல வேணாம்மா." என்றாள் கமலம். "அவரு பேருக்குக் கீழ எழுதுங்க. அவரு வாங்கி வெச்சதுல நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சு... மூணு வருஷம். அவரு விட்டதும் வீட்ல பாட்டில் இல்ல. நானும் நிறுத்திட்டேன்."

கமலம் அழுதுகொண்டே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு இத்தினி நாளா உங்களையே ஏசிகினு இருந்தேனே."

வீரபாகு அவள் கையைப் பிடித்தான்.

"தெரியும் கமலம். ஒரே பலகையில ஒட்டி உக்காந்துதானே நெய்யறோம்? ஒரு நாள் நான் குடிக்காம வந்து தறியில உக்காந்தேன். அன்னிக்கும் அந்த வாடை அடிச்சுது. மறுநாள்லருந்து வாங்கறதையே விட்டுட்டேன்."