கரைப் பக்கம் உட்கார்ந்தவள்

"உட்கார்ந்துக்கினே ஸ்தோத்திரம் சொல்றது எந்த ஊரு மரியாதைம்மா?"

வாசற்படியில் நின்றே கேட்டார் அப்பாதுரை. சபையின் மூப்பர். தேவாலயச் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கும்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. கையில வேலையா இருக்குது" என்றாள் சம்பூர்ணம்.

தறியில் அவளும் அவள் புருஷன் தேவசகாயமும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

அப்பாதுரை சும்மா வரவில்லை. பட்டுக்கடை கைலாசம் காலையிலேயே ஆள் அனுப்பி அவரை வரவழைத்திருந்தார். "உங்க சபை ஆளு, நீங்க ஜாமீன் சொல்லித்தான் தறி போட்டுக் குடுத்தேன். இப்போ பொம்பளை மிதிக்கிறான்னு காதுல விழுது. முகூர்த்தப் புடவைங்க! தறிக்குழியில ஆம்பளை கால்தான் இறங்கணும். நெசம்னு தெரிஞ்சா நாளைக்கே தறியைக் கழட்டிடுவேன்."

கரை போட ஒரு துணை ஆள் பக்கத்தில் உட்காரலாம். பெண்டாட்டியே உட்காரலாம். குழியில் கால் வைத்து மிதிப்பதைத்தான் கைலாசம் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வரும் வழியில் தெருவில் விசாரித்துப் பார்த்தார் அப்பாதுரை. "எங்களுக்கு இன்னாங்க தெரியும்?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி. மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டால் சந்தேகம் வராதா? இவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், இவள் நெய்கிறாள் என்று முடிவே கட்டிக்கொண்டுதான் வந்தார்.

ஆனால் தேவசகாயம் தறிக்குழியில் கால் விட்டு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். ஊடு நூலை ஓட்டும் நாடா அவன் கையில்தான் ஓடியது. சம்பூர்ணம் இடது பக்கம் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்பாதுரை கிட்டே போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சாராய வாடை இல்லை.

"இன்னாப்பா, ஐப்பசியிலருந்து சபைக்கே வரல நீ?"

"முகூர்த்த நாளு வரிசையா வருதுங்களே ஐயா" என்றாள் சம்பூர்ணம்.

"நான் அவனைக் கேட்டேன்."

"அவரு சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

தேவசகாயம் தலை குனிந்தபடி சிரித்தான்.

அப்பாதுரை அண்ணாந்து பார்த்தார். "கூரை ஏன் பாதி புது ஓலை, பாதி பழசா நிக்குது? மேய்ஞ்சு முடிக்க முடியல?"

"நேரமில்லைங்க." இதற்கும் அவளே பதில்.

அப்பாதுரைக்குப் பொறுக்கவில்லை. "இதோ பாரும்மா. ரெண்டு பேரும் இனிமே ஒரே மாம்சம்னு உங்க கல்யாணத்துல போதகர் சொன்னப்போ, மொத ஆளா ஆமென் சொன்னவன் நான். அதுக்காக நீ தலையாயிட முடியுமா? ஆண்டவர் ஆதாமுக்குத் துணையாத்தான் ஏவாளைக் குடுத்தாரு. துணைன்னா ஒரு படி கீழ. கூட இருந்து சகாயம் பண்ணணும், அவ்ளோதான்."

"இவரு பேரு இன்னாங்க ஐயா?"

"ஏன், தேவசகாயம்."

"ஆண்டவரு நமக்குச் சகாயம் பண்றாருன்னுதானே அந்தப் பேரு? அதுனால அவரு நமக்கு ஒரு படி கீழயா?"

மூப்பருக்குச் சுருக்கென்றது. "வாய் நல்லாத்தான் நெய்யுது உனக்கு. எழுந்து போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

நாடா நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பானை அதோ இருக்குதுங்க. தப்பா நினைக்காம நீங்களே மொண்டுக்குங்க ஐயா."

மூப்பருக்கு! அவருடைய வீட்டில் இப்படி ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருப்பார்களா?

"டேய், நீயாவது எழுந்திருடா!"

தேவசகாயத்தின் முகம் வெளுத்தது. "இழை அறுந்துடும் ஐயா" என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

என்னவோ இருக்கிறது. தண்ணீர் கேட்டால்கூட இவள் ஏன் அந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறாள்? எதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்?

"சரி, வேலையாவது பாக்கிறேன்" என்று அப்பாதுரை புடவையின் மேல் குனிந்தார். உடலும் கரையும் சேருகிற இடம் ஒரு நூல் பிசகாமல் இருந்தது. இன்னும் குனிந்தார். சட்டைப் பையிலிருந்த சாவி நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது.

"ஐயா, நீங்க குனியாதீங்க! நானே தேடிக் குடுத்தனுப்புறேன்!" என்ற சம்பூர்ணம், முந்தானையை இழுத்துக் குழியை மூடப் பார்த்தாள்.

அதுவே போதும் அவருக்கு. மண்டியிட்டு, முந்தானையை ஒதுக்கி, நெய்த துணிக்குக் கீழே தலையை விட்டார்.

இருட்டு கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

குழிக்குள் நான்கு கால்கள் இருந்தன. மிதிகட்டைகளின் மேல் இருந்த இரண்டும் சம்பூர்ணத்தின் கால்கள். மற்ற இரண்டும், பாதிக் கூரை மேய்ந்தபோது தேவசகாயம் கீழே விழுந்த நாளிலிருந்து அசையாமல், மூங்கில் குச்சியாய் மெலிந்து, பழந்துணி சுற்றிய வைக்கோல் மெத்தையில் கிடந்தன.

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார் அப்பாதுரை. தானே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு சொம்பு மொண்டு வந்து சம்பூர்ணத்தின் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியேறினார்.

சாயங்காலம் கடையில் கைலாசம் கேட்டார். "என்ன மூப்பரே, நல்லாப் பாத்தீங்களா? அந்தக் குழியில யாரு மிதிக்கிறது, அவனா, அவளா?"

"மண்டி போட்டு, தலையை உள்ள விட்டே பாத்துட்டேன் மொதலாளி" என்றார் அப்பாதுரை. "குழிக்குள்ள ஒரே ஆளுதான் இருக்குது."