முதல் மழைக்கே வீங்கின பலகை

"இது பலகையாய்யா? ஊறின பிஸ்கட்டு!"

மாடிவீட்டுக்காரர் சுமந்துட்டு வந்த ப்ளைவுட் பலகையை கார்பெண்டர் வீட்டு வாசல்ல தொப்புனு போட்டாரு. ஓரமெல்லாம் உப்பி, ஏடு ஏடாப் பிரிஞ்சு, பல்லை இளிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு அது.

"முன்சுவத்துக்கு அடிக்கிறது, வெயிலும் மழையும் தாங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"உள்ளே அலமாரிக்குப் போடுற பலகையை, வெளியில தாங்கும்னு என் தலையில கட்டிட்டியே! ஃபிராடுப் பயலே!"

தெருவே வேடிக்கை பாக்க வந்துடுச்சு. அடுப்படியில இருந்த கார்பெண்டர் பொண்டாட்டிக்குக் காது கொதிச்சுது.

"தப்பு என்னோடதுதான் சார். மொத்தத்தையும் கழட்டிட்டு, என் செலவுலயே புதுசு அடிச்சுத் தரேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். பள்ளிக்கூடத்து வேலைக்கு உன்னைச் சொல்லி வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். அது உனக்கு இல்லை, போ!"

போச்சு, மூணு மாசச் சோறு! கரண்டியும் கையுமா வெளியே பாய்ஞ்சா அவ.

"யாரைப் பாத்து ஃபிராடுங்கிறீங்க? இருபது வருஷமா இவரு மாட்டின கதவு ஒண்ணாவது தொங்கியிருக்கா? உங்க நாக்குதான் தொங்குது!"

"நீ உள்ளே போ"ன்னாரு புருஷன்.

மாடிவீட்டுக்காரர் முறைச்சுட்டே போனாரு. கூட்டமும் கலைஞ்சுது. இப்போ கரண்டி புருஷன் பக்கம் திரும்புச்சு.

"வாய்க்கும் ஆணி அடிச்சாச்சா? ஏமாத்தினவன் கடைக்காரன், ஏச்சு வாங்குறது நீங்களா? எந்தக் கடைன்னு சொல்லுங்க. இதே பலகையால அவன் மண்டையைப் பொளந்துட்டு வரேன்!"

அவரு குனிஞ்சு பலகையைப் புரட்டிப் போட்டாரு.

"எங்க அண்ணனும்தான் பலகைக் கடை போட்டு ஒரு வருஷமாச்சு. வாங்க மாப்பிள்ளை, வாங்க மாப்பிள்ளைன்னு அவனுக்குத் தொண்டையே கட்டிப் போச்சு. அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்களா? கண்டவன்கிட்ட வாங்கினா இப்படித்தான் சந்தி சிரிக்கும்!"

"சரி, விடு."

"எப்படி விடுறது? வெளிவேலைன்னா ஒரு துண்டு வெட்டி, என் பாத்திரத்துல போட்டு, அரை நாள் கொதிக்க வச்சு, பிரியுதா பிரியலையான்னு பாத்துட்டுத்தானே எடுப்பீங்க? எத்தனை பாத்திரத்தைக் கெடுத்தீங்க! இந்த ஒரு தடவை மட்டும் ஏன் செய்யலை?"

கார்பெண்டர் நிமிர்ந்தாரு. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டாரு. அப்புறம் அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு:

"உங்க அண்ணன் கடையில வாங்கினதை, உன் அடுப்புலயே வேக வச்சுப் பாக்கச் சொல்றியா?"