நாளை வாய்மொழித் தேர்வு

"இன்னொரு தடவை. கேலக்ஸி நடுவுல இருந்து வர்ற எக்ஸ்-கதிர் வேக வேகமா ஏறி இறங்கினா?"

"அங்க இருக்கற கருந்துளை பெருசு."

"போச்சு! சின்னதுங்க. சின்னப் பாத்திரம் சீக்கிரம் கொதிக்கும், அண்டா மெதுவாத்தான் கொதிக்கும்னு நேத்தே சொன்னேனே" என்றாள் மனைவி. ஆய்வேடு அவள் மடியில் விரிந்து கிடந்தது. "அஞ்சு வருஷமா என்னதான் பண்ணீங்க?"

"எனக்கு வேற வேலையே இல்லையா?"

காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேள்வி கேட்க வருகிறவர் பொல்லாதவர் என்று பேச்சு.

"அந்த ஆளு, கருந்துளையோட எடையை எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு கேட்டு, நான் திருதிருன்னு முழிச்சா மானம் கப்பலேறிடும்டி."

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"நானா? தெரியாதுன்னா சொல்றது?"

மறுநாள் அரங்கம் நிரம்பியிருந்தது. ஆய்வேட்டை எழுதிய மாணவி நிதானமாக எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் வரிசையில், வழிகாட்டிப் பேராசிரியருக்கான நாற்காலியில், வியர்த்து வழிய அவர் உட்கார்ந்திருந்தார். அவள் ராப்பகலாக உழைத்து எழுதிய ஒன்பது கட்டுரைகளிலும் முதல் பெயர் அவருடையதுதான்.

அவள் விளக்கி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பொல்லாதவர் தொண்டையைச் செருமினார். இவர் அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினார்.

பொல்லாதவர் குனிந்து இவர் காதருகே வந்தார். அவர் நெற்றியிலும் வியர்வை.

"சார், ஆய்வேட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட என்ன கேட்கலாம்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன், ப்ளீஸ்!"