ஏரிக்கரையில் இரண்டு நாள்

லடாக் போகிறவர்கள் முதலில் ஒத்திகை பார்த்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் உடம்பையும் மனசையும் அப்படியே நகலெடுத்து, பயணச் செயலி அறுநூறு தடவை அந்தக் குளிர்ப் பாலைவனத்துக்கு அனுப்பிப் பார்க்கும். ஒத்துவராத இடங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடும்.

கோவில்பட்டியில் பூரணி கூடத்தில் உட்கார்ந்து முடிவைப் படித்தாள். அந்த உயரத்திலும் அவளுக்கும் கணவர் ஆவுடையப்பனுக்கும் மூச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழு நாள் திட்டத்தில், லடாக் போகிற எல்லாரும் பார்க்கிற அந்த நீல ஏரியைக் காணோம். ஏன் என்று தட்டிக் கேட்டாள்.

பதில் திரையில் வந்தது: ‘அங்கே பயணம் கெட்டுப்போகிறது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை உங்கள் கணவர் கரையில் உட்கார்ந்து, மகள் பெயரைச் சொல்லி அழுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல்.’

பூரணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டு, காப்பி கொடுக்கச் சொல்லி, பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவைத்த மனுஷன் அவர். அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. அவள் பெயரைக்கூட எடுப்பதில்லை.

அடுப்படியில் பயணத்துக்குப் பருப்புப் பொடி அரைத்துக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார். “திட்டம் வந்துருச்சா? எல்லா இடமும் இருக்கா?”

பூரணி கைப்பேசியை எடுத்து ஏரியைத் திரும்பச் சேர்த்தாள்.

“இருக்குங்க. ஏரிக்கரையில மட்டும் ரெண்டு நாள் தங்குறோம்.”

“ரெண்டு நாளா? அங்க அவ்வளவு நேரம் என்ன பண்றது?”

“சும்மா உக்காந்திருப்போம்” என்றவள், பெட்டியில் அவருக்கு இன்னொரு துண்டு எடுத்துவைத்தாள்.