குழாயடிக் குழி

“ஒரு நாய்க்கு நாலு நாள் லீவா மகள்? கந்தோர்ல என்ன சொல்லி எழுதினீங்க?”

வேலிக்கு அப்பால் நின்று நூருன்னிஸா கேட்டார். கையில் மூடிய சாப்பாட்டுக் கோப்பை.

“காய்ச்சல் எண்டு எழுதினன், அன்ரி.”

சிவதர்ஷினி கோப்பையை வாங்கிக் குசினிப் படியில் வைத்தாள். காய்ச்சல் என்பது முழுப் பொய்யும் இல்லை. படுத்தால் எழும்பப் பிடிக்கவில்லை. எழும்பினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் பலாபத்வலைக்கு வந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, இந்த வாடகை வீட்டில் அவளோடு இருந்த ஒரே உயிர் வீமன்தான். அக்கா போன் எடுத்தபோது, “வேற குட்டி ஒண்டு எடன்” என்று இலேசாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

“பேரு மட்டும் வீமன்,” என்றார் நூருன்னிஸா. “ஒரு பலாக்கா விழுந்தாப் போதும், கூட்டுக்குள்ள ஓடி ஒளியும்.”

சிவதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“செத்ததுக்கு நான் அழேல்லை அன்ரி. வயசு போட்டுது, கனநாளைக்கு இராது எண்டு டொக்டர் முதலே சொன்னவர். நான் வந்து பாக்கேக்க உடம்பு குளிர்ந்து கிடந்தது. தனியச் செத்துப்போச்சே, அதைத்தான் தாங்கேலாமக் கிடக்கு.”

காலை ஆறரைக்கு வீமனைச் சங்கிலியில் கட்டிவிட்டு அவள் மாத்தளை பஸ்ஸுக்கு ஓடுவாள். கட்டாவிட்டால் அது பின்னாலேயே பெரிய ரோட்டுக்கு வந்துவிடும். அவள் திரும்பி வரும்போது ஆறு மணி. ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணித்தியாலம், அப்படி ஒன்பது வருடம். நான்கு நாட்களாகப் படுக்கையில் கிடந்து இதைத்தான் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னேரம் நான் வைக்கிற சோத்திலயும் பாதிதான் தின்னும். எல்லாம் ஏக்கம். அந்தக் குழியைப் பாருங்கோவன்.”

குழாயடியில், நாய்க்கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சட்டியை இறக்கி வைக்கக்கூடிய அளவுக்கு ஒரு குழி இருந்தது.

“தனிய விடுற நாயள் இப்பிடித்தான் மண்ணைத் தோண்டுமாம். எனக்கு அது அப்ப விளங்கேல்லை. நான் மூடுவன், ரெண்டு கிழமையால பாத்தா திரும்பவும் குழி. ஒருநாள் கோவத்தில ஈர்க்கிலால அடிச்சும் போட்டன்.”

“அடிச்சீங்களா?” நூருன்னிஸாவின் குரல் இறங்கியது. “அந்தக் குழிக்கா?”

“ஓம்.”

நூருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

அவர் முகத்தைத் திருப்பியது சிவதர்ஷினிக்கு எரிச்சலூட்டியது. “நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள். ஒருக்கா எட்டிப் பாத்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே, அன்ரி.”

சொன்ன பிறகு பிழையாகப்பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கும் தெம்பும் அவளிடம் இல்லை.

“நாங்க எப்படி மகள் நாயோட பழகுறது? அதோட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண்ணு போட்டுக் கழுவணும். இல்லாட்டித் தொழ ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். வந்த காலத்திலிருந்து வேலிக்கு அப்பால் நின்று அவர் சொல்லிவரும் அதே பேச்சு. பெருநாள் வட்டிலப்பமும் வேலிக்கு மேலாகத்தான் வரும்.

“இண்டைக்குக் குப்பை ட்ரக்டர் வரும்,” என்றாள் சிவதர்ஷினி. “வீமன்ர சங்கிலி, சாக்கு, தண்ணிக் கோப்பை எல்லாம் அப்பிடியே கிடக்கு. என்னால தொடேலாது. எடுத்துப் போட ஆரையும் பிடிச்சுத் தருவீங்களே?”

நூருன்னிஸா வேலியோரமாக நடந்து வந்து பின்படலையைத் தள்ளினார். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று சிவதர்ஷினி நினைத்திருந்த படலை சத்தமில்லாமல் திறந்தது.

அவர் சங்கிலியைக் கழற்றிச் சாக்குக்குள் வைத்துச் சுருட்டினார். கோப்பையின் அடியில் வீமன் குடித்து மிஞ்சிய தண்ணீர் கிடந்தது. அதை வெறுங்கையால் வழித்து ஊற்றினார். பிறகு குழாயடியில் குந்தினார். கண்கள் சாக்கின்மேல் இருக்க, வலக்கை மட்டும் தானாகக் கீழே இறங்கிக் குழிக்குள் போய் ஒரு பிடி மண்ணோடு வந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று மண்ணைத் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார். உதடுகள் எண்ணத் தொடங்கின.

சிவதர்ஷினி குழியையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்ரி… எத்தனை வருசமா?”

“மகன் கட்டாருக்குப் போனதுல இருந்து. மருமகள் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போனா வீட்டுல நானும் தனியத்தானே. பகல்ல ரெண்டு பிடி சோறு கொண்டாந்து குடுத்திட்டுக் கொஞ்சம் இருந்து கதைப்பேன்.” கழுவுவதை நிறுத்தாமலே சொன்னார். “எங்க பைப்புல கழுவினா மண்ணைக் கண்டு மருமகள் கேப்பா. அதான் இங்கேயே கழுவிட்டு ளுஹர் தொழப் போவேன். என்னால அவன் அடி வாங்கினது எனக்குத் தெரியாது மகள்.”

ஏழாவது தரம் கழுவி முடித்துக் குழாயை மூடினார்.

“அன்னிக்கு மட்டும் கழுவல்ல. தலையை என் மடியில வச்சிக்கிட்டுக் கிடந்தான். அவன் போய் முடியிற வரைக்கும் எழும்ப மனசு வரல்ல. ளுஹர் தப்பிப்போச்சு.”