குத்தாத காது

ஆசாரி இரண்டாம் முறையாக ஊசியைத் துடைக்கிறார். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தை, தாய்மாமன் கமலக்கண்ணன் மடியில் பொரியுருண்டையைச் சப்பிக்கொண்டிருக்கிறது. விசேஷத்துக்காகத் தறியை நிறுத்தியிருப்பதால் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். குழந்தையின் காதில் ஆசாரி மையால் வைத்த புள்ளியையே தாய் திலகவதி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊசி நெருங்குகிறது. அவள் கை முந்திக்கொண்டு அந்தக் காதைப் பொத்துகிறது. "வாணாங்க."

"இன்னாம்மா இது, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்கிறாள் மாமியார் பூங்காவனம். திலகவதி, கல்யாணமான நாளிலிருந்து காதை மூடியே வாரிவந்த கூந்தலை ஒதுக்குகிறாள். காதின் பின்புறம் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தழும்பு தடித்துப் பளபளக்கிறது. "ரெண்டாவது தோடுக்குக் குத்தினது அத்தே. புண்ணு ஆறியும் தழும்பு வளர்ந்துகினே போச்சு. அறுத்தாங்க, திரும்ப வந்துச்சு. அம்மா வீட்டுக்குன்னு சொல்லிட்டு, மாசாமாசம் வேலூர்ல தழும்புக்குள்ளயே ஊசி போட்டுக்கினு வரேன். இது குடும்பத்துல வரும், கொழந்தைக்குக் குத்தாதன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

உறவுக்காரர்கள் எல்லோரும் பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் எழுந்து வந்து, தழும்பின் மேல் ஒரு விரலை வைக்கிறாள். திலகவதியின் தோள் இறுகுகிறது.

"அந்த வேலூர் ஊசி வலிக்குமா?"

"உயிர் போவும் அத்தே."

பூங்காவனம் விரலை எடுக்காமலே ஆசாரி பக்கம் திரும்புகிறாள். "நீங்க சாப்ட்டுட்டுப் போங்க."