வீட்டுக்கு ஒரு வாக்கு

யோகமலரின் வாக்கைப் பறித்துவிட்டார்கள். எத்தனையோ வருசமாக முல்லை மன்றத்தின் ஒவ்வொரு விழாவுக்கும் பற்றிஸ் பொரித்துக் கொடுத்தவளுக்கு, போன மாத நிர்வாகத் தெரிவில் தன் பெயருக்கென்று ஒரு வாக்குத் துண்டு இல்லை. இனி வீட்டுக்கு ஒரு வாக்குத்தானாம். மன்றத்தின் டென்மார்க் கோல்டிங் நகரக் கிளை தானாகவே விதியை மாற்றிவிட்டது.

விசயம் பிந்தித்தான் மகள் துவாரகாவின் காதுக்கு எட்டியது. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். அடுத்த கூட்டத்துக்கு ரயில் ஏறி வந்து இறங்கினாள்.

"உங்களுக்குக் கோபமே வரேல்லையோ அம்மா?"

"கூட்டத்துக்கு நேரமிருக்கு. முதல் சாப்பிடு."

பறிகொடுத்தவள் இப்படி இருக்கிறாளே! துவாரகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மண்டபத்தில் கதிரை இழுக்கும் சத்தம் அடங்குமுன்பே எழும்பிவிட்டாள்.

"செயலாளர் அங்கிள், ஆரைக் கேட்டு விதியை மாத்தினீங்கள்?"

"ஆரையும் கேக்கத் தேவையில்லைப் பிள்ளை," என்றார் அழகரத்தினம். "தலைமையே சொல்லிப்போட்டுது."

அது உண்மைதான். இலங்கையின் கிழக்கிலிருந்து புதிதாக வந்த குடும்பங்களை ஒருகாலத்தில் சில கிளைகள் வாக்குப் போட விடவில்லை. அதனால், எந்தக் கிளை வாக்கு விதியை மாற்றினாலும் கொப்பன்ஹேகனில் உள்ள தலைமைச் சபை சம்மதிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இப்போது எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று போன வருசம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

"எடுத்த கையோடை தொடங்கிட்டீங்கள்!"

"பிள்ளை, இது டென்மார்க். இஞ்சை ஆரும் ஆற்றையும் வாக்கைக் களவெடுக்கிறேல்லை. கொப்பன்ஹேகன்காரர் ஏன் எங்கடை சட்டியைத் திறந்து பாக்கவேணும்? புருசனும் பெண்சாதியும் ஒரே ஆளுக்குத்தானே போடுகினம், ரெண்டு துண்டு எண்ணுறது வீண்வேலை."

"அப்ப உங்கடை வீட்டு வாக்கை அன்ரி போடட்டும்!"

மண்டபம் சிரித்தது. செயலாளர் இருமினார்.

"பாக்க ஆளில்லாட்டி இப்பிடித்தான்," துவாரகா விடவில்லை. "வீட்டு வாக்கெண்டு சொல்லுவியள். கடைசியிலை அது அப்பாமாரின்ரை வாக்கு!"

"அப்பிடிச் சொல்லு!" என்று கைதட்டினாள் பின்வரிசை இராசலட்சுமி. அவளே மறுநிமிடம், "எண்டாலும் கொப்பன்ஹேகன்காரர் என்ன எங்களுக்குப் பெரியாக்களோ?" என்றாள்.

இவள் எந்தப் பக்கம்? துவாரகா குழம்பிப்போனாள். அப்பா கந்தையா எந்தப் பக்கம் என்பதும் தெரியவில்லை. மனிசன் வாயே திறக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்ற உணர்ச்சி என்று முடிவுகட்டினாள்.

கடைசியில் செயலாளர் இறங்கி வந்தார்.

"சரி, தலைமையின்ரை மேற்பார்வை திரும்பவும் வேணுமோ, வேண்டாமோ? இந்தக் கேள்விக்கு இண்டைக்கு ஆளுக்கொரு வாக்கு. இப்ப சந்தோசமோ?"

துவாரகாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. அம்மாவின் கையில் அம்மாவுக்கென்று ஒரு துண்டு!

ஆனால் அம்மா பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். மற்றவர்கள் போட்டு முடித்துத் தேத்தண்ணிப் பக்கம் போகத் தொடங்கிவிட்டார்கள்.

துவாரகா குனிந்தாள். "மேலை இருக்கிற பெட்டி அம்மா. 'வேணும்' எண்டதுக்குப் புள்ளடி போடுங்கோ."

அம்மா துண்டை உள்ளங்கையால் மூடினாள்.

"ஏனம்மா மறைக்கிறீங்கள்? அப்பாவுக்குப் பயமோ?"

"அவருக்கு நான் ஏன் பயப்பிடுறன்?"

"போன மாதம் எங்கடை வீட்டு வாக்கைத் தூக்கி அவர்தானே போட்டவர்?"

"ஆர் சொன்னது? துண்டு கைக்கு வந்த உடனை என்னட்டைத் தந்திட்டு வெளியிலை போய் நிண்டவர். ஆருக்குப் போட்டனீ எண்டு இண்டைவரைக்கும் கேக்கேல்லை."

துவாரகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இப்போதும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வென்ற வழக்கு எங்கேயோ வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது அவளுக்கு.

"அப்ப... அப்ப உங்களுக்கு மேற்பார்வை வேணுமோ, வேண்டாமோ அம்மா?"

"அதைத்தான் யோசிக்கிறன் பிள்ளை. நீ கொஞ்சம் அங்காலை திரும்பு."